பிள்ளையின் வாக்குக்கண்: பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுமா?

எம்மவர் வீடுகளில் குழந்தையின் ஒரு கண் சற்று விலகிப் பார்த்தால், "வாக்குக்கண் பிள்ளைக்கு அதிர்ஷ்டம்" என்று சொல்ல யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். இன்னொருவர் "வளர வளரச் சரிவரும், பயப்படாதேங்கோ" என்பார். இரண்டும் தாயைத் தேற்றுவதற்காக அன்போடு சொல்லப்படுபவைதான். ஆனால் இந்த ஆறுதலை நம்பி இரண்டு மூன்று வருடங்கள் காத்திருந்தால், பிள்ளை ஒரு கண்ணின் பார்வையை வாழ்நாள் முழுவதற்கும் இழந்துவிடக்கூடும். அதனால்தான் இம்முறை இந்தப் பகுதியில் மாறுகண் பற்றியும், அதைவிட முக்கியமாக, வெளியில் தெரியாத கண் குறைபாடு பற்றியும் எழுத வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு விளக்கம். பிறந்த குழந்தையின் கண்கள் முதல் மூன்று நான்கு மாதங்கள் வரை இடைக்கிடை ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அலைவது இயல்பு. மூக்குத்தண்டு அகலமாக இருந்து, கண்ணின் உள்மூலையில் தோல் மடிப்பும் இருந்தால், கண் நேராக இருந்தாலும் உள்ளே இழுப்பது போலத் தோன்றும். முகம் வளர்ந்ததும் அந்தத் தோற்றம் மறைந்துவிடும். "வளரச் சரிவரும்" என்ற பேச்சு இப்படியான குழந்தைகளைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் நான்கு மாதம் கடந்த பின்னும் கண் விலகினால், அல்லது எந்த வயதிலென்றாலும் ஒரு கண் எந்நேரமும் விலகியே நின்றால், அது காத்திருக்கும் விடயமல்ல. எது உண்மையான மாறுகண், எது வெறும் தோற்றம் என்று பிரித்துச் சொல்வது அம்மம்மாவின் வேலையுமல்ல, பக்கத்து வீட்டாரின் வேலையுமல்ல. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்.

மாறுகண் அழகு சம்பந்தப்பட்ட விடயம் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். பெண்பிள்ளை என்றால் கவலை, ஆண்பிள்ளை என்றால் "பரவாயில்லை" என்ற பேச்சும் இதனால்தான் வருகிறது. உண்மையில் இது மூளை சம்பந்தப்பட்டது. இரண்டு கண்களும் ஒரே பொருளை நோக்காதபோது மூளைக்கு இரண்டு வேறு படங்கள் போகின்றன. வளர்ந்த ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அவர் அன்றைக்கே வைத்தியசாலைக்கு ஓடுவார். குழந்தையின் மூளையோ தொல்லை தரும் படத்தை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை மட்டும் நம்பத் தொடங்கிவிடுகிறது. அதனால் குழந்தைக்கு எந்தச் சிரமமும் தெரியாது. ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வை மட்டும் வளராமல் நின்றுவிடுகிறது. இதைச் 'சோம்பல் கண்' என்பார்கள். பெயர் பொருத்தமில்லை என்பது என் எண்ணம். கண் சோம்பவில்லை, அதற்கு வேலை கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள். 1960களில் அமெரிக்காவில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்துப் பிறகு திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணிலிருந்து வந்த செய்தியை ஏற்கவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடியபோது இந்தப் பாதிப்பு ஏற்படவில்லை. பார்வை வளர்வதற்கென்று ஒரு பருவம் உண்டு, அது போனால் போனதுதான் என்பது இதிலிருந்து விளங்கியது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதப் பிள்ளைகளில் அந்தப் பருவம் முதல் ஏழெட்டு வருடங்கள். அதற்குப் பின்னும், பத்துப் பன்னிரண்டு வயதிலும்கூடச் சிலருக்கு முன்னேற்றம் கிடைப்பதுண்டு. ஆகவே பிந்தி வந்தவர்கள் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று வயதில் சில மாதங்களில் கிடைப்பதைப் பத்து வயதில் பெறுவதற்கு நீண்ட போராட்டம் தேவை, முழுமையாகக் கிடைப்பதும் அரிது.

கண் விலகிப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு வகையில் நன்மை உண்டு: யாராவது கவனிப்பார்கள். இரண்டு கண்களும் நேராக இருந்து, ஒரு கண்ணுக்கு மட்டும் கூடுதலான தூரப்பார்வையோ குறும்பார்வையோ இருக்கும் பிள்ளையை யார் கவனிப்பது? அங்கும் மூளை தெளிவில்லாத படத்தை ஒதுக்கிவிடும். அங்கும் சோம்பல் கண் வரும். வெளியில் ஓர் அடையாளமும் இராது. பிள்ளை ஓடும், விளையாடும், படம் கீறும், ரிவி பார்க்கும். நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். தனக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை என்று அது சொல்லாது. இரண்டு கண்ணாலும் தெளிவாகப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதே அதற்குத் தெரியாதே! மாறுகண் நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் நான்கு பேருக்கும், சோம்பல் கண் ஒன்று முதல் மூன்று பேருக்கும் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. எங்கள் தமிழ்ப் பள்ளியொன்றில் இருநூறு பிள்ளைகள் படித்தால், அவர்களில் சிலர் நிச்சயம் இருப்பார்கள்.

"ஒரு கண் போனால் என்ன, மற்றது இருக்கிறதுதானே" என்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஐரோப்பிய விதிகளின்படி பாரவூர்தி, பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுக்க, நல்ல கண்ணில் பத்துக்கு எட்டும் மற்றக் கண்ணில் குறைந்தது பத்துக்கு ஒன்றும் பார்வை இருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது தெரியவந்து என்ன பயன்? அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்திலோ நோயிலோ அந்த நல்ல கண்ணுக்கு ஏதாவது நேர்வதுதான்.

இனி எமது இடத்துக்கு வருவோம். பிரான்சில் எழுத்தில் எல்லாம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து 16 வயது வரை 20 கட்டாய மருத்துவப் பரிசோதனைகள், முழுச் செலவும் 'செக்கு'வுடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 'கார்னே து சந்தே' என்ற சுகாதாரப் புத்தகம். ஆறு வயது வரை 'பே.எம்.ஈ.' நிலையங்களில் இலவச மருத்துவம். அங்கே விசா, காட் என்று எவரும் கேட்பதில்லை. 1945இல் தொடங்கிய சேவை அது. மத்தேர்னெல் பள்ளியில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளின் பார்வை, செவிப்புலன், பேச்சு ஆகியவற்றை பே.எம்.ஈ. சோதிக்க வேண்டும் என்பதும், ஆறாவது வயதில் பள்ளி வைத்தியர் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். இவ்வளவும் இருக்கும்போது பெற்றோருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

நாட்டின் கணக்காய்வு மன்றம் 2020இல் பள்ளிச் சுகாதாரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு வயதில் நடக்க வேண்டிய அந்தக் கட்டாய மருத்துவப் பரிசோதனை 2018இல் எத்தனை பிள்ளைகளுக்கு நடந்தது தெரியுமா? நூற்றுக்கு 18 பேருக்கு. 2013இல் 26 ஆக இருந்தது அப்படிக் குறைந்திருந்தது. பள்ளி வைத்தியர்கள் போதாது என்பதே காரணம். இது நாடு முழுவதற்குமான கணக்கு. திரான்சி, பொபினி, லா கூர்நெவ் என்று எம்மவர் செறிந்து வாழும் எமது 93ஆம் மாவட்டமோ வைத்தியர் தட்டுப்பாட்டுக்குப் பெயர்போனது. ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. பார்த்தாலும் ஆறு வயது என்பது பிந்திய வயது.

மத்தேர்னெல்லில் நடக்கும் சோதனையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூன்று வயதில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்திருக்கும். படத்தைக் காட்டி இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டால், 'வீடு' என்று தெரிந்தும் பேசாமல் நிற்கும். சோதனை முடியவில்லை, திரும்பச் செய்ய வேண்டும் என்று குறிப்பெழுதுவார்கள். அந்தக் குறிப்பு பிள்ளையின் புத்தகப் பைக்குள் வீட்டுக்கு வரும். தகப்பன் இரவு உணவகத்தில் வேலை, தாய்க்குப் பிரெஞ்சு வாசிக்கக் கடினம். கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் மற்றக் கடிதங்களோடு கிடக்கும். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பைக்குள் வரும் கடிதம் நகரசபையின் விழா அழைப்பிதழ் அல்ல. 'வூ', 'ஒப்தால்மோ' என்ற சொற்கள் கண்ணில் பட்டால், பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். பேசாமலே செய்யும் சோதனைகளும் இருக்கின்றன: காட்டும் படத்துக்கு ஒத்த படத்தைப் பிள்ளை கையால் தொட்டுக் காட்டினால் போதும். இந்த விளையாட்டை வீட்டில் இரண்டு நாள் பழக்கிவிட்டால் பிள்ளை தயங்காது. அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்குக் கண்ணில் துளி மருந்து விட்டு, ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தே எவ்வளவு கண்ணாடி தேவை என்று அளந்துவிடுவார்கள். பிள்ளை வாய் திறக்கவே வேண்டியதில்லை.

கண் வைத்தியரிடம் றோந்தேவூ எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் முறைப்பாடு. உண்மைதான். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 'ஓர்த்தோப்தீஸ்த்' எனப்படுபவர்கள் கண் வைத்தியர்கள் அல்லர். இரண்டு கண்களும் சேர்ந்து இயங்குவதைச் சோதிப்பதும் பயிற்றுவதும் அவர்களது தொழில். 9 மாதம் முதல் 15 மாதம் வரையான குழந்தைகளையும், இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளையும் வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாக அவர்களிடம் பார்வைச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். சந்தேகம் இருந்தால் அவர்களே கண் வைத்தியரிடம் அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்படும் பிள்ளைக்கு, ஏதோ பார்க்க வேண்டும் என்று கேட்பவரைவிட விரைவாக இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றாலோ, தாய் தகப்பன் சகோதரரில் எவருக்காவது மாறுகண், சோம்பல் கண், சிறு வயதிலேயே கனத்த கண்ணாடி இருந்தாலோ, வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு வயதையொட்டியே காட்டிவிடுவது நல்லது.

ஓகஸ்ட் விடுமுறைக்குச் சென்னை போகும்போது காட்டலாம் என்று தள்ளிப்போடுவோரும் உண்டு. அங்கே 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா போன்ற சிறந்த கண் மருத்துவமனைகள் இருப்பதை யார் மறுப்பார்? ஆனால் சோம்பல் கண்ணுக்கான சிகிச்சை ஒரு நாளில் முடிவதல்ல. சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து பார்த்து, ஒட்டும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுபோக வேண்டும். நாலு வாரம் நிற்கப் போகிறவருக்கு அது சரிவராது.

காத்திருக்கக் கூடாத இன்னொரு காரணத்தைப் பயமுறுத்துவதற்காக அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளின் விழித்திரையில் ஏற்படும் ஒரு புற்றுநோய் இருக்கிறது. பதினையாயிரம், இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் அரிதான நோய். அதன் முதல் அறிகுறி, கண்மணிக்குள் வெள்ளையாக ஒளிர்வது. இரண்டாவது அறிகுறி மாறுகண். நாம்தான் பிறந்தநாள், சாமத்திய வீடு என்று ஆயிரக்கணக்கில் படம் எடுப்பவர்களாயிற்றே! பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது திரும்பத் திரும்ப வெள்ளையாகவும் தெரிந்தால், அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். படம் எடுத்த கோணத்தாலும் அப்படி விழுவதுண்டு, பெரும்பாலும் அதுதான். ஆனால் அதை வைத்தியர் சொல்லட்டும். பாரிசிலுள்ள கியூரி நிறுவனம் இந்த நோய்க்கான சிறப்பு மையம். நேரத்தோடு போனால் உயிரையும் பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றிவிடுகிறார்கள். அதேபோல, நேற்றுவரை நேராக இருந்த கண் திடீரென்று விலகி, தலையிடியும் வாந்தியும் இருந்தால் அது றோந்தேவூவுக்குக் காத்திருக்கும் விடயமல்ல. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை வைத்தியரைவிட வீட்டுக்காரருக்குத்தான் வேலை அதிகம். பல பிள்ளைகளுக்குத் தூரப்பார்வைக்கான கண்ணாடி போட்டதுமே உள்ளே இழுத்த கண் நேராகிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் திரும்ப இழுக்கும். "கண்ணாடி போட்டுத்தான் கண் கெட்டது" என்று அப்போது சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். சோம்பல் கண்ணுக்கு நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடி, மற்றக் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். இது புதிய கண்டுபிடிப்பல்ல. இயற்கை அறிஞர் புஃபோன் 1743இலேயே பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் நல்ல கண்ணை மூடும்படி எழுதியிருக்கிறார். தகப்பனுக்கும் சகோதரிக்கும் மாறுகண் இருந்ததால் இந்தத் துறைக்கு வந்த பாரிஸ் வைத்தியர் எமில் ஜவால், கண் பயிற்சி முறைகளுக்கு அடித்தளம் இட்டார். எவ்வளவு நேரம் மூட வேண்டும் என்பது வைத்தியர் சொல்வது. மிதமான சோம்பல் கண்ணுக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலம் மூடியதும் இரண்டு மணித்தியாலம் மூடியதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்ததாக 2003இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. ஒட்டுக்குப் பதிலாக நல்ல கண்ணில் அத்ரோபின் துளி விடுவதும் உண்டு. அறுவைச் சிகிச்சை கண்ணை நேராக்கும்; பார்வையை வளர்க்காது. ஆகவே "ஒப்பரேசன் செய்தால் எல்லாம் சரி" என்று ஒட்டை விட்டுவிடுவது தவறு.

ஒட்டுப் போட்ட பிள்ளையை லா சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்குக் கடை விசாரணை. "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் மூன்றாவது கடையில் தாய் ஒட்டைக் கழற்றிவிடுகிறாள். கலியாண வீட்டில் வீடியோக்காரர் வந்ததும் கண்ணாடியும் போய்விடும். இப்படி வாரத்தில் இரண்டு நாள் போனால் சிகிச்சை எப்படிப் பலிக்கும்? கண்ணாடிச் செலவைக் காரணம் சொல்லவும் இப்போது இடமில்லை: 2020 முதல், மூத்துவெல் அல்லது அரசின் 'சே.எஸ்.எஸ்.' உள்ளவர்களுக்கு 'நூறு வீதச் சுகாதார' வகைக் கண்ணாடியும் சட்டமும் கைக்காசு இல்லாமலே கிடைக்கும். கடையில் அந்த வகையைக் காட்டும்படி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரில் போல ஒரு 'கண் முகாம்' வைத்தால் என்ன என்று எமது கூட்டங்களில் சிலர் கேட்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்டபத்தில் தொண்டர் ஒருவர் ரோர்ச் அடித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பிப் பெற்றோர் உண்மையான சோதனைக்குப் போகாமல் விடுவார்கள். வெளியில் தெரியாத வகை ரோர்ச்சுக்கும் தெரியாது. பலன் தந்தது எதுவென்று பார்க்க வேண்டுமானால் ஸ்வீடனைப் பாருங்கள். அங்கே நான்கு வயதில் எல்லாப் பிள்ளைகளையும் பயிற்சி பெற்ற தாதியர் ஒழுங்காகச் சோதித்து, சந்தேகமானவர்களைக் கண் வைத்தியரிடம் அனுப்பியதால், கடுமையான சோம்பல் கண் நூற்றுக்கு இரண்டிலிருந்து 0.2 ஆகக் குறைந்ததாக 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒருவரும் விடுபடாமல் பார்த்ததுதான் அங்கு நடந்த வேலை.

சங்கம் செய்யக்கூடியது அதுதான். செப்டெம்பரில் தமிழ்ப் பள்ளிப் பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: "பிள்ளையின் கண் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?" முடிவு என்ன என்று கேட்கத் தேவையில்லை, அது குடும்பத்தின் தனிப்பட்ட விடயம். திகதி வெறுமையாக இருந்தால் அந்தப் பெற்றோரோடு ஆசிரியர் ஒரு வார்த்தை பேசலாம். எங்கள் இளையவர்களில் பிரெஞ்சில் வெளுத்துக்கட்டுபவர்கள் எத்தனையோ பேர்; இருவர் முன்வந்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை றோந்தேவூ எடுத்துக் கொடுக்கவும், தேவையானவர்களோடு கூடப் போகவும் முடியும். எட்டு வயது அக்காவை மொழிபெயர்ப்பாளராக வைத்தியரிடம் கூட்டிப்போகும் வழக்கத்தையாவது இதனால் குறைக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கார்னே து சந்தே, கார்த் வித்தால், மூத்துவெல் காட், பழைய கண்ணாடிச் சீட்டு இருந்தால் அதுவும். கண் விலகுவது களைத்த நேரத்தில் மட்டும் என்றால், அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்; வைத்தியர் முன்னால் அது பெரும்பாலும் நேராகவே நிற்கும். கண்ணைப் பொத்தி விளையாடும்போது ஒரு கண்ணைப் பொத்தினால் மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிடுகிறதா, வெயிலில் ஒரு கண்ணை மூடுகிறதா, தலையைச் சரித்துப் பார்க்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அத்ரோபின் துளியைச் சில நாட்கள் முன்கூட்டியே வீட்டில் விடச் சொன்னால், வயதுக்கேற்ற அளவு சீட்டில் இருக்கும்; மூத்த பிள்ளையின் பழைய போத்தலை எடுத்து விடக்கூடாது. துளி விட்ட பிறகு கண்மணி பெரிதாகி வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும், அது ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கலாம். ஒரு தொப்பி கொண்டுபோங்கள், வகுப்பாசிரியருக்கும் சொல்லி வையுங்கள்.